அயடீன் சிகிச்சைக்குப் பிறகு கன்னம் வீங்கினால் எந்த ஸ்கேன்?

தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் எடுத்த சிலருக்கு, மாதங்கள் கழிந்த பிறகும் சாப்பாட்டில் கை வைத்தவுடன் காதுக்கு முன்னால் கன்னம் வீங்கி வலிக்கும், காலிமுகத்திடலில் ஒரு துண்டு மாங்காய் அச்சாறு வாயில் போட்டாலே போதும். அயடீனைச் செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதம் தைரொயிட்டில் மட்டும் இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய்ச் செல்களிலும் இருக்கிறது. அங்கே சேர்ந்த மருந்து குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடுகிறது. அதிகம் அடிபடுவது கன்னத்திலுள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்.

என்னைக் கேட்டால் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். மலிவு, கதிர்வீச்சு இல்லை, கொழும்பில் எங்கும் செய்யலாம். சுரப்பி சுருங்கியிருக்கிறதா, குழாய் விரிந்திருக்கிறதா, கல் இருக்கிறதா என்று தெரியும். ஆனால் தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் ஆழமான பகுதி மறைந்துவிடும், அதோடு பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

அல்ட்ராசவுண்ட் சாதாரணமாக வந்தும் வீக்கம் தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. சியாலோகிராபி, அதாவது உமிழ்நீர்க் குழாய்களைக் காந்த ஸ்கேனில் படமெடுப்பது. ஊசியும் மருந்தும் வேண்டாம், குழாயில் நிற்கும் உமிழ்நீரே படத்தில் வெள்ளையாகத் தெரியும், எந்த இடத்தில் குறுகியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். எச்சிலே வற்றிப்போன சுரப்பியில் பார்க்க அதிகம் இராது, சின்னக் கல்லும் தவறிவிடலாம். குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறையும் உண்டு, படம் நுணுக்கமாக வரும், ஆனால் வலிக்கும், சீழோ கடும் அழற்சியோ இருக்கும்போது செய்யவே கூடாது. எம்.ஆர்.ஐ. கிடைக்கும் இடத்தில் அதை நான் தேடிப் போகமாட்டேன்.

இவை எல்லாம் உருவத்தைத்தான் காட்டும். சுரப்பி வேலை செய்கிறதா என்பது கேள்வியானால் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொடுத்து எடுக்கும் ஸ்கேன்தான், அதற்கு அந்தக் கதிரைப் படமாக்கும் காமா கமரா உள்ள நியூக்ளியர் மெடிசின் பிரிவு வேண்டும். அயடீன் நுழைந்த அதே வாசல் வழியாகவே டெக்னீசியமும் உள்ளே போவதால், எவ்வளவு இழுக்கிறது என்பதே சேதத்துக்கு அளவு. எச்சில் ஊறி வெளியே வர நடுவில் தேசிக்காய்ச் சாறு கொடுப்பார்கள். நன்றாக இழுத்தும் சாறுக்குப் பிறகு வெளியே வராமல் நின்றால் குழாயில் அடைப்பு, இழுக்கவே இல்லை என்றால் சுரப்பியே களைத்துவிட்டது. டெக்னீசியத்தின் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணித்தியாலம், சிகிச்சைக்குக் கொடுத்த அயடீன் 131க்கு 8 நாள், ஆகவே இன்னொரு முறை அந்தச் சிகிச்சையா என்று பயப்பட வேண்டாம். ஒரு சங்கடம், சிலருக்கு ஸ்கேன் மோசமாக இருந்தும் வாய் வறட்சியே இராது, ஸ்கேன் நன்றாக இருந்தும் வாய் வறண்டு போவதும் உண்டு.

சி.டி. ஸ்கேனை நான் கடைசியில்தான் வைப்பேன், கல் அல்லது சீழ்க்கட்டி சந்தேகம் இருந்தால் மட்டும். அப்படிப் போவதானால், மறுபடி அயடீன் எடுக்கவோ முழு உடல் அயடீன் ஸ்கேன் செய்யவோ இருக்கிறதா என்பதை முதலே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சி.டி.க்கு ஏற்றும் மருந்திலும் அயடீன் நிறைய உண்டு, அடுத்த சிகிச்சை பிந்திப்போகும்.