மன்னார்குடி தெப்பக்குளம் பக்கத்து முட்டைக் கடை: மூன்று மாதம் சாப்பிட்ட பிறகு எழுதுகிறேன்

இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஹரித்ராநதி தெப்பக்குளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அவித்த முட்டை, பக்கத்தில் இரண்டு சட்டிச் சுண்டல், ஒரு தோசைக்கல், மூடி போட்ட டப்பாவில் மிளகு போட்டு வேகவைத்த கோழிக்கறி, அப்புறம் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. அந்தத் தராசுக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நம்மூரில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் தட்டில் விழுவதை நிறுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு 34 வயது, 68 கிலோ, உரக்கடையில் வேலை. ஜிம்முக்குப் போக ஆரம்பித்த முதல் ஆறு மாதம் ஒருநாள் விடாமல் எடை தூக்கியும் உடம்பில் ஒன்றும் ஏறவில்லை. கை வலித்தது, பசித்தது, அவ்வளவுதான். மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதிக் கொண்டு வரச் சொன்னார். காலையில் நாலு இட்லி சாம்பார், மதியம் மூன்று தடவை போட்டுக்கொள்ளும் சோறு, குழம்பு, கூட்டு, மோர், நாலு மணிக்கு டீயும் ஒரு உளுந்து வடையும், ராத்திரி மூன்று தோசை. வாரத்தில் இரண்டு நாள் மீன். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டால், மீன் இல்லாத நாளில் புரதம் கிட்டத்தட்ட 50 கிராம்தான் வந்தது. 100 கிராம் சோற்றில் 3 கிராம்கூட இல்லை, ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். நெல் விளைகிற ஊரில் பிறந்து, சோற்றை வைத்தே வளர்ந்த உடம்பு இது, குறை சொல்லவில்லை, ஆனால் கணக்கு இதுதான்.

எவ்வளவு வேண்டும்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். எனக்கு அது 56 கிராம். அதையே நான் தொடவில்லை. அதுவும் சாதாரணமாக ஆரோக்கியமாக இருக்க வேண்டிய அளவு, எடை தூக்கித் தசை ஏற்ற நினைப்பவருக்கான அளவு அல்ல. 2018-இல் 49 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், எடைப் பயிற்சியோடு கிலோவுக்கு 1.6 கிராம் வரை போனால் தசை கூடுகிறது, அதற்கு மேலே போனால் சராசரியாகப் பெரிய கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் 2017-இல் சொன்ன 1.4 முதல் 2 கிராம் என்ற அளவுக்குள்ளேயும் இது அடங்குகிறது. ஜிம்மில் பையன்கள் சொல்லும் 2.2 கிராம் என்பது அந்த ஆய்விலேயே சந்தேகத்துக்கு இடம் விட்டுச் சொன்ன மேல் எல்லை, எல்லாரும் தொட்டே ஆக வேண்டிய கோடு அல்ல. எனக்கு 68-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 109 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் 50 போக இன்னும் 60 கிராம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

முதலில் நான் போனது புரதப் பவுடருக்கு. ஆன்லைனில் ஒரு கிலோ டப்பா, 2,400 ரூபாய், ஒரு கரண்டிக்கு 24 கிராம் என்று போட்டிருந்தது. மூடிக்குள் இருந்த சீல் ஓரத்தில் லேசாகப் பிரிந்திருந்தது, நெறுநெறுவென்று மாவு மாதிரி இருந்தது, கரையவில்லை, நான்கு நாள் வயிறு உப்புசம். திருப்பி எடுக்கச் சொன்னேன், உணவுப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாப் பவுடரும் அப்படி என்று சொல்லவே மாட்டேன், நல்ல வே (whey) புரதப் பவுடர் பாலிலிருந்து வருவதுதான், செரிக்கும், வேலை செய்யும். ஆனால் உரக்கடைக்காரனாக எனக்கு ஒன்று உறுத்தியது. சாப்பாட்டில் எவ்வளவு புரதம் என்று ஆய்வகத்தில் வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை, அதில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தக் கணக்கு. நாம் தழைச்சத்து என்று மூட்டையில் விற்பதும் அதே நைட்ரஜன்தான். அப்படியென்றால் விலை மலிவான வேறு நைட்ரஜன் பொருளைக் கலந்தாலும் பரிசோதனையில் புரதம் என்றே காட்டும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்து, அந்தப் பால் பவுடரைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது இந்த ஓட்டை வழியாகத்தான். பவுடர் வாங்குபவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, புரதம் எவற்றால் ஆனதோ அந்த அமினோ அமிலங்களின் அளவு தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் முட்டைக்கு வந்துவிட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். ஒரு அவித்த முட்டை 10 ரூபாய், கொண்டைக்கடலைச் சுண்டலோ பச்சைப்பயறுச் சுண்டலோ 150 கிராம் 25 ரூபாய், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராம் 80 ரூபாய், சோயா மசாலா ஒரு தட்டு 40 ரூபாய். நான் தினமும் வாங்குவது மூன்று முட்டை, ஒரு கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கிராம் கோழி. முட்டைக்கு 6 வீதம் 18, சுண்டலில் ஏறக்குறைய 13, கோழியில் 28 முதல் 30 வரை. 60 கிராம் வந்துவிடுகிறது, 135 ரூபாய். தினமும் 135 ரூபாய் என்பது என் சம்பளத்துக்குச் சின்னத் தொகை இல்லை, அதனால் மாசக் கடைசியில் கோழியை விட்டுவிட்டு முட்டையை ஐந்தாக்கிக்கொள்வேன். அன்றைக்குப் புரதம் கொஞ்சம் குறையும், 80 ரூபாய்க்குள் 43 கிராம் கிடைக்கும். இந்த விலையில் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடை நடத்தும் அக்கா கோழியை வெந்த பிறகு நிறுக்கிறார் என்பது முக்கியம். பச்சைக்கறி 100 கிராமில் 23 கிராம் அளவுக்குத்தான் புரதம், வெந்ததும் தண்ணீர் இறங்கி அதே துண்டு 70, 75 கிராம் ஆகிவிடும். முதல் நாள் இதைக் கேட்டபோது அக்கா ஒன்றும் பேசாமல் வெந்த துண்டை எடுத்துத் தராசில் வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். 104 காட்டியது. "நாலு கிராம் உங்களுக்குத்தான் தம்பி" என்றார்.

ஒரு தப்பும் இருந்தது. வண்டியில் சாக்பீஸால் எழுதிய சிலேட்டில் "சோயா 100 கிராம், புரதம் 50 கிராம்" என்று போட்டிருந்தார். அது காய்ந்த சோயா உருண்டைக்கு உள்ள கணக்கு. ஊறவைத்து வேகவைத்தால் தண்ணீர் குடித்து எடை மூன்று மடங்கு வரை ஏறுகிறது, தட்டில் வரும் 100 கிராமில் 17 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். நான் சொன்னதும் கோபப்படவில்லை. மறுநாள் வீட்டிலிருந்தே 35 கிராம் காய்ந்த சோயாவை நிறுத்து, ஊறவைத்து, திரும்ப நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து சிலேட்டைத் திருத்தினார். அன்றிலிருந்து சோயா விற்பனை குறைந்துவிட்டது என்று அவரே சொன்னார். ஆனாலும் பழைய எண்ணை அவர் திரும்ப எழுதவில்லை. இந்தக் கடையை நான் மனதார நம்புவது அந்த நாளிலிருந்துதான்.

முட்டை விஷயத்தில் அக்காவிடம் இரண்டு கறார் உண்டு. பச்சை முட்டை உடைத்து ஊற்றித் தரச் சொன்னால் தர மாட்டார். அது சுத்தத்துக்காக அவர் வைத்துக்கொண்ட வழக்கம், ஆனால் புரதக் கணக்கிலும் அவர் செய்வதுதான் சரி. வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். இன்னொன்று, மஞ்சள் கருவை எடுத்துக் கீழே போடும் பையன்களிடம் வருத்தப்படுவார். அதுவும் நியாயம்தான், முட்டையின் புரதத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் அந்த மஞ்சளில் இருக்கிறது.

சுண்டலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடைக்கு அநியாயம். பச்சைப்பயறு அக்காவின் அண்ணன் வயலில் விளைந்தது. சம்பா கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஈரம் காயும் முன்னே நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். தண்ணீரே கட்டாமல் பனியிலும் மண்ணின் மிச்ச ஈரத்திலும் வரும் பயிர் அது. வீட்டில் மூட்டையாகக் கிடக்கிற அந்தப் பயறை விட்டுவிட்டு நாம் டப்பா தேடுகிறோம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. இட்லியில் உளுந்து சேர்வதும் பொங்கலில் பாசிப்பருப்பு சேர்வதும் ஒன்றின் குறையை மற்றது அடைக்கிற சேர்க்கை. அளவு மட்டும்தான் போதவில்லை. அக்கா கடையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவல் குறைவாகத்தான் போடுவார், மாங்காய் இருக்கிற மாதத்தில் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார், தையல் இலையில் சூடாக வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

இப்போது குறைகள். உட்கார இடமில்லை. எட்டு மணிக்கு மேல் போனால் கொண்டைக்கடலை தீர்ந்துவிடும். உப்பு சில நாள் தூக்கலாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் புரட்டாசி முழுக்கவும் கோழி கிடையாது, அந்த மாதம் சோயாவையும் முட்டையையும் வைத்துத்தான் ஓட்டினேன். கைகழுவ வைக்கும் வாளித் தண்ணீரைப் பாதி நேரத்தில் ஒருமுறை மாற்றினால் நன்றாக இருக்கும், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

பெரிய குறை நேரம். நெல்லுக்கு யூரியாவை ஒரே நாளில் மொத்தமாகக் கொட்ட மாட்டோம், தூர் கட்டும்போது ஒரு தடவை, கதிர் உருவாகும்போது ஒரு தடவை என்று பிரித்துத்தான் போடுவோம், மொத்தமாகப் போட்டால் நிறைய வீணாகப் போய்விடும். உடம்பிலும் ஏறக்குறைய அப்படித்தான், தசைக்குப் போக மிஞ்சிய புரதத்தை எரித்துவிட்டு அதன் நைட்ரஜனை உடம்பு யூரியாவாகவே சிறுநீரில் அனுப்புகிறது. நாள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் முதலில் முக்கியம், அது சரியாக இருந்தால் அதன் பிறகு ஒவ்வொரு வேளைக்கும் கிலோவுக்கு 0.4 கிராம், எனக்கு 27 கிராம் வாக்கில் பிரித்துச் சாப்பிடுவது இன்னும் நல்லது. என் காலைச் சாப்பாட்டில் 11 கிராம்தான், சாயங்காலம் மட்டும் 60. அதனால் இரண்டு முட்டையைப் பார்சல் வாங்கிப்போய் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலை இட்லியோடு சாப்பிடுகிறேன்.

மூன்று மாதத்தில் எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது, வயிறு ஏறவில்லை, தோளில் பழைய சட்டை பிடிக்கிறது. 60 கிலோவோடு தடுமாறிய உட்கார்ந்து எழும் பயிற்சியை இப்போது 75-இல் செய்கிறேன். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவைக் கூட்டுங்கள்.

அம்மாவுக்கும் ஒரு பயறுச் சுண்டலும் ஒரு முட்டையும் வாங்கிப்போகிறேன். அவருக்கு 63. வயதானால் தசை தானாகவே கரையும், அதனால் அவர்களுக்கும் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள், ஆனால் நம் வீடுகளில் அம்மாக்கள் ராத்திரி மிச்சச் சோற்றில் மோர் ஊற்றி முடித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் எதுக்குடா இதெல்லாம் என்றார். இப்போது ஏழு மணிக்கு நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் கிண்ணம் எடுத்து வைத்துவிடுகிறார்.

காலையிலும் கடை போடச் சொல்லி அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், தை அறுவடை முடியட்டும் தம்பி, பயறு வந்ததும் பார்க்கலாம் என்றார். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.