'பாரடைஸ் லாஸ்ட்' வாங்குகிறீர்களா? முதலில் 105ஆம் அடியைப் பாருங்கள்

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனின் இந்தக் காவியத்துக்குச் சந்தையில் பதிப்புகள் ஏராளம். எதை வாங்குவது என்று குழம்பினால் அட்டையையும் முன்னுரையையும் தள்ளிவிட்டு, முதல் காண்டத்தின் 105ஆம் அடிக்குப் போங்கள். கடவுளை எதிர்த்துக் கலகம் செய்து தோற்று, நரகத்து நெருப்பேரியில் கிடக்கும் சாத்தான், தன் படை கடவுளின் சிங்காசனத்தையே ஆட்டிவிட்டதாகக் கூட்டாளி பெயல்செபூலிடம் பீற்றிக்கொள்ளும் இடம் அது. ஆறாம் காண்டத்தின் 834ஆம் அடியிலோ, கடவுளின் குமாரனின் தேர் உருளும்போது பரலோகம் முழுவதும் அதிர்கிறது, சிங்காசனம் ஒன்றைத் தவிர. ஆக முன்னது பச்சைப் பொய். ஆனால் இரண்டுக்கும் நடுவே 5,000 அடிகளுக்கு மேல் கிடக்கின்றன. யாராவது சுட்டிக்காட்டாவிட்டால் முதல்முறை படிப்பவருக்குப் பிடிபடாது. அந்த வேலையைச் செய்யாத பதிப்பில் சாத்தான் சொன்னதெல்லாம் நடந்த கதையாகவே மனதில் தங்கிவிடும்.

சிக்கலுக்குக் காரணம் காவியத்தின் அடுக்குமுறைதான். கதை நடுவிலிருந்து தொடங்குகிறது. பரலோகக் கலகத்தின் மூலகாரணம் ஐந்தாம் காண்டத்தில்தான் வருகிறது, போர் ஆறில், உலகப் படைப்பு ஏழில். தோற்றவனின் வாய்மொழியை முதலில் கேட்கிறோம்; நடந்தது என்ன என்பதை ரபேல் தூதன் வந்து ஆதாமிடம் சொல்லும்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

இதற்கு மிகவும் உதவுவது அலஸ்டர் ஃபௌலர் பதிப்பித்த லாங்மன் பதிப்பு (1968, திருத்திய இரண்டாம் பதிப்பு 1998). எழுத்துக்கூட்டல் இக்காலத்துக்கு ஏற்றது. குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே இருக்கின்றன. வானியல், வேதாகமம், கிரேக்கப் புராணம் எதையும் அவர் விடுவதில்லை. எண்கணக்கில் அவருக்குத் தனிப் பித்து: 1667இல் வந்த முதல் பதிப்பின் 10,550 அடிகளில் சரிநடுவே குமாரன் தேரேறும் இடம் வருகிறது என்று எண்ணிக் காட்டுவார். போரின் மூன்றாம் நாள் அது. முதல் நாள் கடவுளின் தூதர்கள் கை ஓங்கினாலும் போர் முடியவில்லை. இரண்டாம் நாள் கலகக்காரர்கள் பீரங்கி செய்து வர, தூதர்கள் மலைகளைப் பிடுங்கி எறிகிறார்கள். மூன்றாம் நாள் குமாரன் தனியாளாக வந்து முடிக்கிறார். நன்மை தீமைப் போரின் அச்சு எங்கே என்பதை ஓர் எண்ணிக்கை காட்டிவிடுகிறது. ஆனால் எல்லா எண்கணக்கும் இவ்வளவு உருப்படியானதல்ல, சில வெறும் கயிறு திரிப்பு.

குறையும் இதே இடத்தில்தான். பல பக்கங்களில் மேலே சில அடிகள், கீழே பொடி எழுத்தில் குறிப்புக் கடல். 700 பக்கங்களைத் தாண்டும் புத்தகம், பேருந்தில் கையில் பிடித்துப் படிக்க ஆகாது. முதல்முறையே ஒவ்வொரு குறிப்பையும் படிக்க உட்கார்ந்தால் இரண்டாம் காண்டத்தைத் தாண்டமாட்டீர்கள்.

கோர்டன் டெஸ்கியின் நார்ட்டன் பதிப்பு (2005) நடுவழி. குறிப்புகள் அடியிலேயே, ஆனால் சுருக்கமாக. பின்னால் மூலாதாரப் பகுதிகளும் விமர்சனங்களும் உண்டு. முதல் வாசிப்புக்கு எங்கள் தேர்வு இதுதான். ஜான் லெனர்டின் பெங்குவின் பதிப்பில் குறிப்புகள் நல்லவை, ஆனால் புத்தகத்தின் கடைசியில். இரண்டு விரல்களைச் செருகிக்கொண்டே படிக்க வேண்டும். டார்ட்மத் கல்லூரியின் இணையப் பதிப்பு இலவசம், குறிப்புகளும் உண்டு. பழைய எழுத்துக்கூட்டலுக்குக் கண் பழக ஓரிரு காண்டங்கள் பிடிக்கும்.

தவிர்க்க வேண்டியது முதல் காண்டத்தை மட்டும் தனியே அச்சிட்ட மாணவர் பதிப்பு. நம் ஊர் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டங்களில் முதல் காண்டமோ ஒன்பதாம் காண்டமோ தனியே வைக்கப்படுவது வழக்கம் என்பதால் இது சுலபமாகக் கிடைக்கும். அதோடு நிறுத்துபவர் சாத்தானைக் கதாநாயகன் என்பார், துணைக்கு, மில்டன் தன்னையறியாமலே சாத்தான் கட்சிக்காரர் என்ற கவிஞர் வில்லியம் பிளேக்கையும் இழுப்பார். பிளேக் முழுவதையும் படித்துவிட்டுச் சொன்னவர். முதல் காண்டத்துப் படைத்தலைவன் நான்காம் காண்டத்தில் நீர்க்காகமாக மரத்தில் குந்துகிறான், தூங்கும் ஏவாளின் காதருகே தேரையாகிறான், ஒன்பதில் பாம்புக்குள் நுழைகிறான், பத்தில் வெற்றிச் செய்தி சொன்ன கையோடு கூட்டத்தோடு சீறும் பாம்பாகிறான். இந்த இறக்கத்தைப் பார்க்க 12 காண்டமும் வேண்டும்.

எந்தப் பதிப்பானாலும் காண்டத்தின் தலையில் உள்ள உரைநடைச் சுருக்கத்தை முதலில் படியுங்கள். 1668இல் மில்டனே சேர்த்தது. பிறகு வாய்விட்டு, அடி முடிவில் நிற்காமல், நிறுத்தற்குறியில் மட்டும் நின்று படியுங்கள். முதல் வாக்கியம் 16 அடி, அதன் வினை ஆறாம் அடியில்தான் வரும். இதற்கு ஆங்கிலேயர்கள் திணறுவார்கள். வினைமுற்றுக்குக் கடைசிவரை காத்திருந்து பழகிய நமக்கு அது ஒரு பொருட்டல்ல.

நிமிடத்துக்கு 15 அடி என்று வைத்தால் மிகச் சிறிய ஏழாம் காண்டம் (640 அடி) முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். மிக நீளமான ஒன்பதாவது (1,189 அடி) 80 நிமிடம். ஐந்தையும் ஆறையும் பிரிக்காதீர்கள், ரபேலின் கதை இரண்டிலும் தொடர்கிறது. ஒன்பதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஏவாள் கை நீட்டுவதற்கு முன், 780ஆம் அடிக்கு அருகில் நிறுத்துங்கள்.