சம்பவக் கட்டளை முறையோடு 12 ஆண்டுகள்: ஒரு தீயணைப்பு அலுவலரின் அனுபவம்

தீ போன்ற சம்பவ இடத்தில் யார் கட்டளையிடுவது, யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்று வகுப்பதே சம்பவக் கட்டளை முறை (Incident Command System). பயிற்சி வகுப்பில் அதன் பொறுப்புகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது, எரிகிற கட்டடத்தின் முன் நின்றுகொண்டு இத்தனை கட்டங்களுக்கும் ஆள் நியமித்து யார் நிரப்புவது என்றுதான் எனக்குத் தோன்றியது. 12 ஆண்டுகள் அதன்படியே பணியாற்றிய பிறகு, அந்தச் சந்தேகத்தில் பாதியை மட்டும் விட்டுவிட்டேன்.

கட்டங்கள் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. முதல் வண்டியில் வந்திறங்கும் அலுவலரே கட்டளை அலுவலர். செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி ஆகிய பொறுப்புகளை அவர் பிறரிடம் ஒப்படைக்கும் வரை அவை அனைத்தும் அவருடையவையே. 1970இல் கலிபோர்னியாவில் 16 உயிர்களைப் பறித்த காட்டுத்தீக்களின்போது, உதவிக்கு வந்த துறைகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாமல் தவித்ததே இம்முறை உருவாகக் காரணம் என்பதால், இது பேரிடருக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் சமையலறைத் தீயில் பழகாத ஒழுங்கு, கிடங்குத் தீயில் திடீரென்று கைவராது.

எனக்கு உடனே பயன் தெரிந்தது வயர்லெஸில்தான். ஒருவரின் நேரடி மேற்பார்வையில் 3 முதல் 7 பேர் வரை, பொதுவாக 5 பேர் இருப்பது நல்லது என்பது விதி. முன்பெல்லாம் வந்திருக்கும் எல்லாக் குழுக்களும் என்னையே அழைக்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவரின் செய்தியும் காணாமல் போகும். முன்பக்கம், பின்பக்கம், மேல்தளம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்த பிறகு, நான் கேட்க வேண்டிய குரல்கள் மூன்றாகக் குறைந்தன.

கட்டளையைக் கைமாற்றுவதில்தான் நாங்கள் அடிபட்டுக் கற்றோம். ஒருமுறை மூத்த அலுவலர் ஒருவர் வந்து, பொறுப்பேற்றதாக அறிவிக்காமலேயே உத்தரவிடத் தொடங்கினார். நான் உள்ளே அனுப்பியிருந்த குழு தீயை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அவர் சொன்னபடி வெளியிலிருந்து சன்னல் வழியாகப் பெரிய நீர்த்தாரை பாய்ச்சப்பட்டது. வெப்பமும் நீராவியும் குழுவினர் மீது திரும்ப, ஒருவருக்குக் காதுமடல் கொப்பளித்துவிட்டது. அன்றிலிருந்து, எது எரிகிறது, யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்தாயிற்று, என்ன தேவை என்பதை நேருக்கு நேர் சொல்லி, மாற்றத்தை வயர்லெஸில் அனைவருக்கும் அறிவித்த பிறகே கட்டளை கைமாறுகிறது. பதவியில் உயர்ந்தவர் வந்து நிற்பதாலேயே கட்டளை அவரிடம் போய்விடாது என்பதை மூத்தவர்கள் சிலர் இன்றும் மனத்தளவில் ஏற்கவில்லை.

எஞ்சிய பாதிச் சந்தேகம் படிவங்களைப் பற்றியது. இடத்தின் வரைபடமும் நிலவரச் சுருக்கமும் கொண்ட 201ஆம் எண் படிவம் கைமாற்றத்தின்போது உண்மையிலேயே உதவுகிறது. மற்றவற்றை ஒரு மணி நேரத்தில் அணையும் தீக்கும் நிரப்பச் சொல்வது வீண் சுமை. பெரும்பாலும் நிலையத்துக்குத் திரும்பி, குழாய்களைக் கழுவிக் காயப்போட்ட பிறகு, நினைவிலிருந்துதான் அவற்றை எழுதுகிறோம்.