எம்பிஏ துறையை நடத்துபவர்களுக்கான பயிற்சிகள்: பல ஆண்டு அனுபவத்தில் எவை பயன்பட்டன?

தனியார் கல்லூரி ஒன்றில் எம்பிஏ துறையின் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பாடம் நடத்தப் பயிற்சி தருபவர்கள் நிறையப் பேர் உண்டு. துறையை நடத்தக் கற்றுத் தருபவர்கள் மிகக் குறைவு. பணிமூப்பு வரும், கூடவே தலைவர் பொறுப்பு வரும், மறுநாளே அங்கீகாரக் கோப்பு மேசைக்கு வந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான துறைத் தலைவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அதனால் கிடைத்த பயிற்சிக்கெல்லாம் போனேன். கடைசி நாளில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தை வைத்து எதையும் மதிப்பிடக் கூடாது என்பது என் கருத்து. ஓராண்டு கழித்துத் துறையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி.

அந்தக் கணக்கில் முதலிடம், கற்றல் உறுதிப்பாடு குறித்த பயிற்சிக்கே. 1916-இல் அமெரிக்காவில் தொடங்கி, உலகெங்கும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கிவரும் ஏஏசிஎஸ்பி அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. பட்டம் பெறும் மாணவருக்கு என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அதை மாணவர் எழுதிய அறிக்கையிலோ, விளக்க உரையிலோ நேரடியாக அளக்க வேண்டும். குறை தெரிந்தால் பாடத்தையோ கற்பிக்கும் விதத்தையோ மாற்றி, மறுபடியும் அளக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். மாற்றம் செய்வதோடு நின்றுவிடாமல் மறுபடியும் அளக்கிற துறைகள் சொற்பம்.

இந்தப் பயிற்சி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், சொந்தத் துறையின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததுதான். ஊர் திரும்பியதும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கைகளில் சிலவற்றை எடுத்து, ஒரே மதிப்பீட்டு அட்டவணையை வைத்து இரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியாகத் திருத்தச் சொன்னோம். முதல் சுற்றில் இருவர் மதிப்பெண்ணும் ஒத்துவரவே இல்லை. ‘நல்ல பகுப்பாய்வு’ என்றால் என்ன என்பதில் ஆளுக்கொரு எண்ணம். சேர்ந்து உட்கார்ந்து, அட்டவணையின் வரிகளைத் திருத்திய பிறகுதான் மாணவர்களின் குறை கண்ணுக்குத் தெரிந்தது. அட்டவணை போடுகிறார்கள், வரைபடம் போடுகிறார்கள், சோதனையின் முடிவைக்கூடச் சரியாக எழுதுகிறார்கள். ஆனால், அந்த முடிவை வைத்து நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பக்கம் காலி. அடுத்த பருவத்தில் புள்ளியியல் பாடத்தின் ஒவ்வொரு ஒப்படைப்போடும் மேலாளருக்கு ஒரு பக்கப் பரிந்துரை எழுதுவதைக் கட்டாயமாக்கினோம். முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது. வந்தது என்று தாளைக் காட்டிச் சொல்ல முடிகிறது, அது எனக்குப் பெரிய விஷயம்.

நம் நாட்டின் என்பிஏ அங்கீகாரத்துக்கான பயிற்சிப் பட்டறைகள் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டின் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் கீழ் 1994-இல் உருவாகி, பின்னர் தன்னாட்சி பெற்ற அமைப்பு என்பிஏ; பொறியியல், மேலாண்மை போன்ற படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது. அது கேட்பதும் அடிப்படையில் இதே சுழற்சியைத்தான்: விளைவை அள, இடைவெளியைக் கண்டுபிடி, நடவடிக்கை எடு. ஆனால் அதன் பெயரைச் சொல்லி வெளியார் நடத்தும் பட்டறைகள் சிலவற்றில் கற்பிக்கப்படுவது எக்ஸெல் நிரப்புவது மட்டுமே. பாடத்தின் விளைவுகளையும் பட்டத்தின் விளைவுகளையும் 1, 2, 3 என்று பொருத்தும் சிஓ-பிஓ அட்டவணைக்கு மாதிரிக் கோப்பு ஒன்றைத் தருவார்கள். பாடப் பெயரை மாற்றினால் போதும், எட்டிய அளவு தானாக வந்து நிற்கும். ஏன் 2, ஏன் 3 என்று கேட்டால் பதில் இருக்காது. கல்லூரியின் காசும் ஆசிரியரின் விடுமுறையும் இதற்குச் செலவாவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏஏசிஎஸ்பி போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பாடத்திட்டம் அந்தந்தத் துறையின் கையிலேயே இருக்கும் நிறுவனங்களில் வளர்ந்த முறைகள் அவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்து மாற்றிவிடலாம். பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் மேலிருந்து வரும். அங்கே நம் கையில் இருப்பது கற்பிக்கும் விதம், அகமதிப்பீடு, ஒப்படைப்பு ஆகியவைதான். இவற்றுக்குள்ளேயே நிறையச் செய்யலாம். கட்டணம் டாலரில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதவி உயர்வுக்காகப் பயிற்சிக்குப் போவது பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் 2018 விதிமுறைகள் ஆசிரியரின் பணி மேம்பாட்டோடு பயிற்சிகளை இணைத்துள்ளன. எனவே சான்றிதழுக்கென்றே வருபவர்கள் இருப்பார்கள். உயர்கல்வி ஆசிரியர்களுக்காக 2023-இல் தொடங்கிய மாளவியா மிஷன் பயிற்சித் திட்டத்தில் கல்வித் தலைமையும் நிர்வாகமும் தனிக் கருப்பொருளாக இடம்பெற்றிருப்பதை மனமார வரவேற்கிறேன். துறைத் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

என் மனதை அதிகம் உறுத்துவது வேறு. இந்தப் பயிற்சிகள் எல்லாம் பேராசிரியர்களுக்கே. எம்பிஏ துறையின் அன்றாட ஓட்டத்தைத் தாங்குபவர்கள் அலுவலகப் பணியாளர்கள், தேர்வுப் பிரிவினர், வேலைவாய்ப்பு அலுவலர். கல்விக் கடன் வராமல் எந்த மாணவர் படிப்பை நிறுத்தப் போகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஏஏசிஎஸ்பி-யின் 2020 தர நெறிகளில் மூன்றாவது, ஆசிரியர்களையும் தொழில்முறைப் பணியாளர்களையும் ஒரே தலைப்பில் சேர்த்துப் பேசுகிறது. நம் கல்லூரிகளின் வரவு செலவில் ‘ஆசிரியர் மேம்பாடு’ என்ற கணக்குத் தலைப்பு இருக்கும். பணியாளருக்கு என்று ஒரு தலைப்பைத் தேடினால் கிடைக்காது.

எங்கள் அலுவலக உதவியாளரை வெளிப் பயிற்சிக்கு அனுப்ப வழியில்லாததால், நான் கற்றதைத் துறைக்குள்ளேயே சனிக்கிழமைகளில் எல்லாருக்கும் சொல்லித் தர ஆரம்பித்தேன். அவர்தான் மிகவும் உருப்படியான வேலையைச் செய்தார். மாணவரின் இளநிலைப் பட்டம், சேர்க்கை மதிப்பெண், வருகை, அகமதிப்பீடு, இன்டர்ன்ஷிப் விவரம் எல்லாம் வெவ்வேறு பதிவேடுகளில் கிடந்தன. அவற்றை ஒரே பதிவாக்கினார். கலைப் பட்டம் முடித்து வருபவர்கள் முதல் பருவக் கணக்கியலில் தடுமாறுவது அந்தப் பதிவிலிருந்துதான் தெளிவானது. இப்போது வகுப்பு தொடங்குமுன் அவர்களுக்குத் தனி இணைப்பு வகுப்பு நடக்கிறது.

இந்த ஆண்டு யாரையாவது பயிற்சிக்கு அனுப்பத் திட்டமிடும் துறைகளுக்கு: பங்கேற்பவர் தன் துறையின் தரவைக் கொண்டுவர வேண்டுமா, சில மாதங்கள் கழித்துப் பயிற்சியாளர் மறுபடி பார்ப்பாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் வேறு பயிற்சி தேடுங்கள். முடிந்தால் ஓர் ஆசிரியரையும் ஓர் அலுவலகப் பணியாளரையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தாலும் அமைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். நான் எழுதிய ஒரு முறை, தயங்காமல் இடம் கொடுத்தார்கள்.