டோன்சிச்சா, ஏய்ட்டனா, யங்கா? 2018 டிராஃப்ட் வாதத்தை எண்களோடு பிரித்துப் பார்த்தால்

2018 ஜூன் 21 அன்று புரூக்ளினில் என்.பி.ஏ. டிராஃப்ட், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 19 அன்றுதான் ஸ்லோவேனியாவின் லூகா டோன்சிச் ரியல் மாட்ரிட்டுக்காக ஸ்பானிய லீக் இறுதிச் சுற்றை ஆடி முடித்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் மார்ச்சிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு, அணி அணியாகப் போய்த் தனிப் பயிற்சியில் தங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டோன்சிச்சுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவரைப் பார்க்க விரும்பிய அணிகள் ஐரோப்பாவுக்குப் போய் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. யாரை முதலில் எடுப்பது என்ற ரசிகர்களின் வாதம் கோணலாகப் போனதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு பக்கம் ஆளில்லாத அரங்கில் தாவிக் குதிக்கும் காணொளிகள். இன்னொரு பக்கம் ஓர் ஆண்டு முழுக்க ஆடிக் களைத்த 19 வயதுப் பையனின் கனத்த கால்கள்.

வாதத்தில் இருந்த பெயர்கள் ஐந்து: டியாண்ட்ரே ஏய்ட்டன் (அரிசோனா பல்கலை), மார்வின் பேக்லி (டியூக்), ஜேரன் ஜாக்சன் ஜூனியர் (மிச்சிகன் ஸ்டேட்), டிரே யங் (ஓக்லஹோமா), டோன்சிச். வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஏய்ட்டன் டோன்சிச்சைவிட ஏழு மாதம் மூத்தவர், யங் ஐந்து மாதம் மூத்தவர். பேக்லிக்கு டோன்சிச்சைவிட இரண்டு வாரம்தான் குறைவு. ஆக, "ஐரோப்பியப் பையன் சீக்கிரமே முதிர்ந்துவிட்டான், இனி வளர மாட்டான்" என்ற வாதத்துக்கு வயதுக் கணக்கில் இடமில்லை.

16 புள்ளியும் 20 புள்ளியும் ஒன்றோடொன்று மோதாது

அப்போது பலரும் வைத்த அட்டவணை எளிமையானது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஏய்ட்டன் 20.1 புள்ளி, 11.6 ரீபவுண்ட் (தவறிய வீச்சில் பந்தைப் பிடிப்பது). பேக்லி 21 புள்ளி, 11.1 ரீபவுண்ட். யங் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). டோன்சிச் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கில் 16 புள்ளி, ஐந்துக்குச் சற்றுக் குறைவான ரீபவுண்ட், 4.3 அசிஸ்ட். பார்த்த மாத்திரத்தில் டோன்சிச் கடைசி வரிசையில் நிற்கிறார்.

முதலில் நிமிடம். ஏய்ட்டனும் பேக்லியும் ஆட்டத்துக்கு 33 நிமிடத்துக்கு மேல் ஆடினார்கள், யங் 35. பயிற்சியாளர் பாப்லோ லாசோவின் மாட்ரிட்டில் பத்துப் பேருக்கு மேல் மாறி மாறி இறங்குவார்கள். டோன்சிச்சுக்குக் கிடைத்தது சுமார் 26 நிமிடம். 36 நிமிடத்துக்கு விரித்தால் அவர் எண்கள் 22 புள்ளி, 6க்கு மேல் ரீபவுண்ட், 6 அசிஸ்ட் என்று ஆகும். ஐரோப்பாவில் அசிஸ்ட் கணக்கெழுதுபவர்கள் அமெரிக்காவைவிடக் கொஞ்சம் கறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து எதிராளி. கல்லூரியில் எதிரே நிற்பது 18 முதல் 22 வயது மாணவன். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொழில்முறை அணிக்கும் போகப்போவதில்லை. யூரோலீக்கில் எதிரே நிற்பது முப்பது வயதைத் தொட்ட, அதையே பிழைப்பாகக் கொண்ட ஆள். சட்டையைப் பிடிப்பான், இடுப்பில் முட்டுவான், நடுவர் எங்கே பார்க்கிறார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது, விதிகள். இதை அதிகம் பேர் கணக்கில் எடுக்கவில்லை. என்.பி.ஏ.வில் தற்காப்பு ஆட்டக்காரர் யாரையும் காக்காமல் கூடைக்கு முன் உள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. சர்வதேச விதியில் அந்தத் தடை கிடையாது. பெரிய ஆள் கூடைக்கு அடியிலேயே குடியிருக்கலாம். அந்த நெரிசலுக்குள் பந்தோடு நுழைந்து வழி கண்டுபிடித்தவனுக்கு என்.பி.ஏ. மைதானம் திறந்த வெளியாகத் தெரியும். மூன்று புள்ளிக் கோட்டிலும் வித்தியாசம் உண்டு. அன்று கல்லூரிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது. சர்வதேசக் கோடு 6.75, என்.பி.ஏ. கோடு நடுவில் 7.24, மூலைகளில் 6.7. பேக்லியின் 39.7 சதவீதம் 6.32 மீட்டரில் அடித்தது. டோன்சிச்சின் 33 சதவீதம் 6.75 மீட்டரில், அதுவும் பெரும்பகுதி தானே பந்தைத் தட்டிக்கொண்டு வந்து பின்வாங்கி எறிந்தவை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதி வைத்துப் பேக்லிதான் நல்ல ஷூட்டர் என்று சொன்னால் கணக்கு எப்படித் தேறும்?

இவற்றோடு விருதுகள். 2017இல் கோரான் டிராகிச்சோடு சேர்ந்து ஸ்லோவேனியாவுக்கு யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) தங்கம். 2018 மே மாதம் பெல்கிரேடில் ஃபெனர்பாஹ்சேவை 85-80 என்று வென்று யூரோலீக் கோப்பை. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், இறுதி நால்வர் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. மாட்ரிட்டின் சக ஆட்டக்காரர் செர்ஜியோ யுல் 2017 ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்ததால்தான் பந்து அவ்வளவு நேரம் டோன்சிச் கைக்கு வந்தது என்பது உண்மை. வந்த பந்தை வைத்து என்ன செய்தார் என்பதற்குக் கோப்பையே பதில்.

டார்கோவின் நிழல்

ஐரோப்பியப் பையன் என்றதும் ஒரு கூட்டம் பழைய பட்டியலை எடுக்கும். 2002இல் டென்வர் ஐந்தாவது இடத்தில் எடுத்த ஸ்கிடிஷ்விலி. 2003இல் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரையும் விட்டுவிட்டு டெட்ராய்ட் இரண்டாவதாக எடுத்த டார்கோ மிலிசிச். 2016இல் ஃபீனிக்ஸ் நான்காவதாக எடுத்த டிராகன் பெண்டர். இதில் பெண்டர் முக்கியம். சூடு கண்ட பூனை அடுப்படியை அண்டாது. பெண்டரை எடுத்த அதே ஃபீனிக்ஸ் கையில்தான் இரண்டே ஆண்டில் முதல் தேர்வு வந்து விழுந்தது.

ஆனால் அந்த மூவரும் டோன்சிச்சும் ஒரே பாஸ்போர்ட் வரிசையில் நின்றார்களே தவிர, ஆட்டக் கணக்கில் ஒட்டே இல்லை. ஸ்கிடிஷ்விலியும் பெண்டரும் தங்கள் பெரிய கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். உயரம், கை நீளம், தனிப் பயிற்சியில் விழுந்த வீச்சு ஆகியவற்றைப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். ஐரோப்பிய வரவை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த லீக்? முதல் தட்டா, இரண்டாம் தட்டா? நெருக்கமான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் மைதானத்தில் இருந்தானா? பந்து அவன் கையில் இருந்ததா, மூலையில் நின்று காத்திருந்தானா? முதல் கேள்விக்கு மட்டும் நல்ல பதில் இருந்து மற்றவற்றுக்கு இல்லையென்றால் அது பெண்டர் வகை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால், அவன்தான் அந்த ஆண்டின் ஆபத்துக் குறைந்த தேர்வு. 2018இல் எல்லோரும் இதைத் தலைகீழாகப் படித்தார்கள்: ஏய்ட்டன் பத்திரமான தேர்வு, டோன்சிச் சூதாட்டம் என்று.

ஒப்பந்தச் சிக்கலும் சரிபார்க்க வேண்டிய ஒன்றுதான். ஐரோப்பிய கிளப்பிலிருந்து விடுபட ஆட்டக்காரர் பணம் கட்ட வேண்டும். அதில் என்.பி.ஏ. அணி தன் சம்பள வரம்புக்கு வெளியே தரக்கூடிய தொகை அப்போது சுமார் 7 லட்சம் டாலர்தான். மீதி ஆட்டக்காரரின் சம்பளத்திலிருந்து போகும். ரிக்கி ரூபியோவை 2009இல் மினசோட்டா ஐந்தாவதாக எடுத்தது. அவர் வந்து சேர்ந்தது 2011இல். டோன்சிச் விஷயத்தில் உடனே வருவார் என்றே பெரும்பாலும் எதிர்பார்க்கப்பட்டது.

ஏய்ட்டன்: தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா

ஃபீனிக்ஸ் 2017-18இல் வென்றது 21 ஆட்டம். டெவின் புக்கர் இருந்தார்; நல்ல சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) இல்லை, ஆட்டத்தை நடத்திப் பந்து கொடுக்கும் நல்ல பாயிண்ட் கார்டும் இல்லை. ஏய்ட்டன் ஏழடி ஓரங்குலம், அரிசோனாவிலேயே படித்தவர், 61 சதவீத வீச்சு. உள்ளூர்ப் பாசம் வேறு. இத்தனைக்கும் அணியின் புதிய பயிற்சியாளர் இகோர் கொகோஷ்கோவ், ஸ்லோவேனியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அதே பயிற்சியாளர். டோன்சிச்சை அருகிலிருந்து பார்த்தவரை அழைத்து வந்துவிட்டு, முதல் தேர்வில் ஏய்ட்டனை எடுத்து டோன்சிச்சை விட்டார்கள்.

ஏய்ட்டன் மீதான சந்தேகம் கல்லூரியிலேயே தெரிந்தது. அந்த உடம்புக்கு ஆட்டத்துக்கு 1.9 ப்ளாக் (எதிராளியின் வீச்சைத் தட்டித் தடுப்பது) குறைவு. அதே ஆண்டு இன்னொரு கல்லூரி சென்டர் மோ பாம்பா 3.7 எடுத்தார். இதற்கு ஒரு நியாயமான விளக்கம் உண்டு: அரிசோனா அவரை இன்னொரு சென்டரான டூஷான் ரிஸ்டிச்சுக்குப் பக்கத்தில் பவர் ஃபார்வர்டாக ஆட வைத்து, கூடையிலிருந்து வெளியே இழுத்தது. பாதிப் பழி அதற்குப் போகட்டும். மீதிப் பாதி, உதவிக்கு ஓடிவருவதில் இருந்த தாமதம். தேசியக் கல்லூரிப் போட்டியில் நாலாம் தரவரிசையில் நுழைந்த அரிசோனா, பதின்மூன்றாம் தரவரிசை பஃபலோவிடம் 89-68 என்று முதல் சுற்றிலேயே உதை வாங்கியது.

இதைவிட அடிப்படையான சிக்கல், சென்டருக்குப் பந்தை யாராவது கொடுக்க வேண்டும் என்பது. ஏய்ட்டன் முதல் பருவத்தில் 16.3 புள்ளி, 10.3 ரீபவுண்ட் எடுத்தார், ஃபீனிக்ஸ் வென்றது 19 ஆட்டம். கொகோஷ்கோவ் ஒரே பருவத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2021இல் இறுதிப் போட்டிக்குப் போனது பாயிண்ட் கார்டு கிறிஸ் பால் வந்த பிறகு. அப்போது ஏய்ட்டன் அருமையாக ஆடினார், அதை மறுக்க முடியாது. ஆனால் பந்து கொடுக்கும் ஆள் இருந்தால் மலரும் சென்டரை முதல் இடத்தில் எடுப்பதும், பந்து கொடுக்கும் ஆளையே எடுப்பதும் ஒரே விலையா?

"புக்கருக்கும் பந்து வேண்டும், டோன்சிச்சுக்கும் பந்து வேண்டும், இருவரும் எப்படி ஒத்துப்போவார்கள்" என்பது அன்று கேட்கப்பட்ட நல்ல கேள்வி. டோன்சிச் பந்தில்லாமல் நின்று எறிவதில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. ஆனால் புக்கர் ஸ்கிரீனை (சக ஆட்டக்காரர் உடம்பால் போடும் மறைப்பை) சுற்றி ஓடிவந்து எறிவதில் தேர்ந்தவர். இழப்பு ஓரளவு இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வேகம் இல்லாதவன் எப்படித் தாண்டுவான்

டோன்சிச் மீதான முக்கியக் குறை இது. முதல் அடி மெதுவானது, என்.பி.ஏ.வில் ஸ்கிரீன் வந்தால் ஆளை மாற்றிக்கொள்ளும் தற்காப்பு அவரை அடைத்துவிடும் என்றார்கள். பிக் அண்ட் ரோலில் (ஸ்கிரீன் போட்டவர் உடனே கூடையை நோக்கி ஓடும் ஆட்டத்தில்) அவர் செய்வதைப் பார்த்தால் இந்த வாதம் எங்கே இடறுகிறது என்று தெரியும். ஸ்கிரீனைத் தாண்டியதும் அவர் ஓடுவதில்லை, நிற்கிறார். பின்னால் துரத்தி வரும் தற்காப்பாளரைத் தன் முதுகில் ஒட்டவைத்து, குறுக்கே போக விடாமல் அடைத்துக்கொள்கிறார். எதிரே இருக்கும் பெரிய ஆள் இப்போது முடிவெடுத்தாக வேண்டும். ஏறி வந்தால் தலைக்கு மேலே பந்து போகும். பின்வாங்கினால் குறும்வீச்சு. எதிர் மூலையிலிருந்து மூன்றாமவன் உதவிக்கு ஓரடி நகர்ந்தால் அந்த மூலைக்கே பந்து போகும். மற்றவர்கள் வேகத்தைக் கூட்டி ஜெயிக்கிறார்கள், இவர் திடீரென்று குறைத்து ஜெயிக்கிறார். ஆளை மாற்றிக்கொண்டால், ஸ்டெப்-பேக் (ஓரடி பின்வாங்கி எறிதல்).

குறை சொன்னவர்கள் எல்லாவற்றிலும் தவறவில்லை. முதல் பருவத்தில் மூன்று புள்ளி வீச்சு 32.7 சதவீதம், ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத தனி வீச்சு) 71.3 சதவீதம். தற்காப்பும் உடல் தகுதியும் பிற்பாடு வரை பேசப்பட்டன. 2025 பிப்ரவரியில் டாலஸ் அவரை லேக்கர்ஸுக்கு மாற்றியபோதும் அதே பேச்சு எழுந்தது. அடையாளம் கண்ட குறைகள் சரி, அவற்றுக்குக் கொடுத்த எடைதான் பிசகு. 21.2 புள்ளி, 7.8 ரீபவுண்ட், 6 அசிஸ்ட் என்று அந்த முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக விருது வந்துவிட்டது.

பேக்லி, ஜாக்சன்

பேக்லியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டாவது தாவலில் பந்தைப் பறிக்கும் துடிப்பு அருமை. ஆனால் ஃப்ரீ த்ரோ 62.7 சதவீதம், ஏழடியை நெருங்கிய ஆளுக்கு ஆட்டத்துக்குச் சராசரி ஒரு ப்ளாக்கும் தேறவில்லை, டியூக் பருவத்தின் பிற்பகுதியில் மண்டலத் தற்காப்புக்கு (ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது) மாறியே தன் ஓட்டைகளை மறைத்தது. அவரை இரண்டாவதாக எடுத்த சேக்ரமெண்டோவில் டீயாரன் ஃபாக்ஸ் இருந்ததால் இன்னொரு பந்துக்காரர் வேண்டாம் என்று கணக்குப் போட்டார்கள். முடிவெடுத்தவர் ஐரோப்பிய ஆட்டத்தை அறிந்த செர்பியரான விளாடே டிவாட்ஸ் என்பது இன்றும் ரசிகர்களுக்கு விளங்காத புதிர். 2022 பிப்ரவரியில் பேக்லி டெட்ராய்ட்டுக்குப் போனார்.

ஜாக்சன் 22 நிமிடத்தில் 3 ப்ளாக் எடுத்தார், மூன்று புள்ளி 39.6 சதவீதம். 10.9 புள்ளிதானே என்று பலர் கடந்துபோனார்கள். நிமிடத்துக்கு விரித்துப் படித்திருந்தால், பெரிய ஆள்தான் வேண்டும் என்றிருந்த அணிக்கு ஏய்ட்டனைவிட இவரே பொருத்தம் என்று தெரிந்திருக்கும். 2022-23இல் சிறந்த தற்காப்பாளர் விருது வாங்கினார். (அந்த வாதங்களில் முதல் ஐந்துக்குள் யாரும் வைக்காத, பின்னாளில் என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரரான ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் 11ஆம் இடத்தில் போனார் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நம் எல்லோருடைய அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு.)

யங்கும் ஒரு கூடுதல் தேர்வும்

உண்மையில் நேருக்கு நேர் மோதியது டோன்சிச்-யங் ஜோடிதான். அட்லாண்டா மூன்றாவது இடத்தில் டோன்சிச்சை எடுத்து டாலஸிடம் கொடுத்தது. பதிலுக்கு ஐந்தாவதாக எடுக்கப்பட்ட யங்கும், டாலஸின் 2019 முதல் சுற்றுத் தேர்வும் வந்தன.

யங் ஒரே பருவத்தில் புள்ளியிலும் அசிஸ்டிலும் அமெரிக்கக் கல்லூரிகளிலேயே முதலிடம் பிடித்தவர். அதற்கு முன் யாரும் செய்யாதது. ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) என்பதும் அவர் கணக்கில்தான். 14 வெற்றி 2 தோல்வி என்று தொடங்கிய ஓக்லஹோமா 18-14 என்று முடிந்தது. எதிரணிகள் இரண்டு பேரை அவர் மேல் ஏவக் கற்றுக்கொண்டதும், ஆறடி இரண்டங்குல ஆளால் அந்த இருவரின் தலைக்கு மேலே பார்த்துப் பந்து கொடுக்க முடியவில்லை. பந்து கொடுக்கும் கண் இருவருக்கும் ஒரே தரம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆறடி ஏழங்குலத்தில் அந்தக் கண் இருப்பதற்கும் ஆறடி இரண்டில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தற்காப்பில் இரட்டிப்பாகும். எதிரணி ஒவ்வொரு முறையும் யங் காக்கும் ஆளைத்தான் ஸ்கிரீன் போட அழைக்கும். டோன்சிச்சையும் அழைப்பார்கள், ஆனால் அவரைத் தள்ளிவிட்டுப் போவது எளிதில்லை, முடிவில் ரீபவுண்டும் அவர் கையில் விழும்.

யங் மோசமான தேர்வு இல்லை. 2021இல் அட்லாண்டாவைக் கிழக்கு மண்டல இறுதி வரை கொண்டுபோனார். ஆகவே விலையைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூடுதல் தேர்வு 2019இல் பத்தாவது இடமாக விழுந்தது. அதில் வந்தவர், அங்கே பெரிதாகச் சோபிக்காத கேம் ரெடிஷ். 2024 ஜனவரி 26 அன்று டோன்சிச் அட்லாண்டா அரங்கில், அட்லாண்டாவுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார்.