செட்டிங் ஸ்ப்ரேயா, பவுடரா? மும்பைப் புழுக்கத்துக்கு எது தாங்கும்

மாட்டுங்காவில் ஆனி முகூர்த்தம் என்றால் வெளியே மழை, மண்டபத்துக்குள் புழுக்கம். போட்ட மேக்கப் கலையாமல் இருக்கக் கடைசியில் போடுபவைதான் செட்டிங் பவுடரும் ஸ்ப்ரேயும். பவுடர் எண்ணெயை உறிஞ்சும்; ஆனால் வியர்வை பட்டால் திட்டுத்திட்டாகிவிடும். ஸ்ப்ரேயில் உள்ள பாலிமர் காய்ந்து மெல்லிய படலமாகி மேக்கப்பைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வழிவதை அவ்வளவாகத் தடுக்காது.

அதனால் எண்ணெய்ச் சருமத்துக்கு இரண்டும் வேண்டும்: நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் பவுடரை ஒற்றிவிட்டு ஸ்ப்ரே. வறண்ட சருமத்துக்கு ஸ்ப்ரே போதும். பவுடர் போட்டால் கண்ணுக்குக் கீழே கோடு கோடாகத் தெரியும். சிலிக்கா பவுடர் அதிகமானால் ஃபிளாஷ் போட்டோவில் வெள்ளைத் திட்டு விழும். கல்யாண ஆல்பத்தில் அது போகவே போகாது!

ஸ்ப்ரேயைக் குலுக்கி, கண்ணையும் வாயையும் மூடி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து நான்கைந்து முறை அடியுங்கள். கிட்டே பிடித்தால் பெரிய துளிகள் விழுந்து ஃபவுண்டேஷன் கோடாக இறங்கும். காயும்வரை கை வைக்காதீர்கள். ஈரத்தின் மேல் பவுடர் பட்டால் கட்டிதட்டும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். வெறும் பன்னீரும் கிளிசரினும் என்றால் அது முகத்தை ஈரமாக்கும் மிஸ்ட்தான், மேக்கப்பைக் கலையாமல் பிடித்து நிறுத்தாது. ஆல்கஹால் அதிகமுள்ளது சீக்கிரம் காயும். எளிதில் சிவக்கும் சருமத்தில் எரியும்.