மூடின கணக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், உஷார்

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டு வரிக்கும் காவல்காரர் சம்பளத்துக்கும் என்று காரைக்குடியில் ஒரு சேமிப்புக் கணக்கு கிடக்குமே, அதை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் ஆத்தாவின் கணக்கும் அப்படித்தான். எல்லாம் என் போன் வழியே போக ஆரம்பித்ததும் அதை யாரும் தொடவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது மூடினோம். “ஆச்சி, இங்க ஒரு கையெழுத்து” என்றார்கள். பாஸ்புக்கை வாங்கிக்கொண்டார்கள். கைக்கு வந்த பணம் ரொம்பக் குறைவு. ஸ்டேட்மெண்ட் கேட்டால், “மூடின கணக்குக்கு எதுக்குங்க?”

எழுதிக் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. காலாண்டுக்கு 590 ரூபாய்: மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 500, அதற்கு ஜிஎஸ்டி 90. பக்கம் முழுக்க இதே பதிவுதான், வேறு வரவுசெலவே இல்லை.

2015 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இந்த அபராதம் போடும் முன் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் ஏதாவது ஒன்றில் தெரிவித்து, பணம் கட்ட ஒரு மாதமாவது தர வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் நாம் தொடாமல் செயலற்றுப்போன கணக்கில் இந்த அபராதமே போடக் கூடாது. எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மேனேஜர் சொன்னதுதான் அருமை: “கணக்கே இல்லையே சார், எதுல வரவு வைக்கிறது?” பாதிப் பேர் இதைக் கேட்டே திரும்பிவிடுவார்கள். சுத்தச் சாக்கு! ஆத்தாவின் வேறு வங்கிக் கணக்குக்கு நெஃப்டில் அனுப்பினால் போச்சு.

வாய்ப்பேச்சு எடுபடாது. புகாரை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448. ஜெராக்ஸ் கடை வாசலில் ஒருவர் “நான் வாங்கித் தர்றேன், கால் பங்கு குடுங்க” என்று வந்தார். ஓசியில் நாமே செய்கிற வேலைக்கு எதற்குக் கமிஷன்? மூடப் போகிறவர்கள் பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேட்மெண்டையும் கையில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கு செயலற்றுப்போன பிறகு பிடித்த பணம் மட்டும் ஆத்தாவுக்குத் திரும்ப வந்துவிட்டது. அதற்கு முந்தையது இப்போது ஓம்பட்ஸ்மேனிடம். பழைய நம்பருக்கு எஸ்எம்எஸ் போனது என்கிறார்கள், அதற்கான ஆதாரத்தை மட்டும் இன்னும் காட்டவில்லை.